சி டிரைவ் சிவந்துவிட்டது: டி-யை நகர்த்தலாமா, கலைக்கலாமா?

கயல்_சேலம்:
வீட்டில் மேசைக் கணினி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கும்போதே கடையில் சி 100 ஜிபி, டி 415, ஈ 415 என்று பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது சி-யில் 3 ஜிபிதான் மிச்சம், பட்டை சிவந்து கிடக்கிறது. டி-யில் 230 ஜிபி நிரம்பியிருக்கிறது. பையன் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் அதில்தான். ஈ-யில் 90 ஜிபி நிரம்பியிருக்கிறது.

டி-யிலிருந்து 100 ஜிபி வெட்டி சி-யோடு ஒட்டலாம் என்று டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தேன். காலி இடம் டி-க்கும் ஈ-க்கும் நடுவில் கறுப்பாக வந்து நிற்கிறது. சி-யில் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கிறது. போதாததற்கு சி-க்கும் டி-க்கும் நடுவில் 500 எம்பி சொச்சத்தில் ரெகவரி பார்ட்டிஷன் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பெங்குவின்_பாண்டி:
சகோ, கணினியில் கோளாறு இல்லை. விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை (சி, டி மாதிரி டிஸ்க்கில் பிரித்த பகுதியை) அதன் வலது பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால் மட்டுமே நீட்டும். சுருக்கும்போது வால் பக்கத்தைத்தான் வெட்டும். அதனால்தான் உங்கள் 100 ஜிபி டி-க்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

வழி சுலபம். பென் டிரைவில் ஜிபார்ட்டெட் (பார்ட்டிஷன்களை மாற்றும் மென்பொருள்) போட்டு அதிலிருந்து கணினியை பூட் செய்யுங்கள். டி-யை வலது பக்கம் தள்ளுங்கள், ரெகவரியையும் (விண்டோஸ் கெட்டால் மீட்க வைத்திருக்கும் பகுதி) தள்ளுங்கள், சி-யை நீட்டுங்கள். அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு ஷட் டவுன் செய்ய வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். ஜிபார்ட்டெட் அதன்மேல் கை வைக்க மறுத்துவிடும். பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு ஃபைல் போனதில்லை.

டேபிள்ஃபேன்:
பாண்டி, "தள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். உள்ளே நடப்பதையும் சொல்லியிருக்கலாம்.

பார்ட்டிஷனின் வாலை, அதாவது முடிவை வெட்டுவது வேறு, தலையை, அதாவது தொடக்கத்தை நகர்த்துவது வேறு. வாலை வெட்டும்போது வெட்டுப்படும் பகுதியில் இருக்கும் கொஞ்சம் ஃபைல்கள் மட்டும் இடம் மாறும். தலையை நகர்த்தினால் டி-யில் இப்போது இருக்கும் 315 ஜிபியும், எழுதிய இடம் காலி இடம் என்ற பேதமில்லாமல், துண்டு துண்டாகப் படித்து 100 ஜிபி தள்ளி எழுதப்படும். படிப்பதும் எழுதுவதும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். நொடிக்கு 50 எம்பி என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அந்த நேரத்தில் கரண்ட் போனால்? பாதி புது இடத்தில், பாதி பழைய இடத்தில், நடுவில் ஒன்றின்மேல் ஒன்று. என் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆனதை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி போட்டபோது டி டிரைவைத் திறந்தால் "ஃபார்மேட் செய்ய வேண்டுமா?" என்று கேட்டது. டெஸ்ட்டிஸ்க் போட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். தொலைந்த பார்ட்டிஷனை அது தேடித் தரும், ஆனால் அங்கே பார்ட்டிஷன் தொலையவில்லை. உள்ளே இருந்ததுதான் கலைந்துபோயிருந்தது.

கயல், ஈ-யில் 325 ஜிபி காலியாக இருக்கிறதே. டி-யில் இருப்பதை ஈ-க்குக் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. திறந்து பார்த்து உறுதியானபின் டி-யை நீக்கிவிட்டு அந்த இடத்தை சி-க்குக் கொடுங்கள். நடுவில் இருக்கும் சின்ன ரெகவரியைத் தவிர எதையும் நகர்த்தவே வேண்டாம்.

கடைக்காரர்_திண்டுக்கல்:
ஒரு ஓடு உடைந்ததற்கு வீட்டையே பிரித்துக் கட்டச் சொல்கிறீர்கள். மேடம், முதலில் சி-யைச் சுத்தம் செய்து பாருங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்களைப் பாருங்கள். பழைய விண்டோஸ் இருந்தால் அதுவே பல ஜிபி. ஹைபர்னேட்டை (ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்து அணையும் வசதி) நிறுத்தினால் 8 ஜிபி ராம் இருக்கும் கணினியில் 3 ஜிபி திரும்ப வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்று இருக்கும், அதை டி-க்கு மாற்றிவிடுங்கள். என்னிடம் சி நிறைந்துவிட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

அப்புறம், கடையில் பிரித்துக் கொடுப்பதைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்து அரை நாளில் திருப்பித் தருகிறோம், கஸ்டமரின் போட்டோ டி-யில் பத்திரமாக இருக்கிறது.

ஒற்றை_சி:
ஹார்ட் டிஸ்க்கே படுத்தால் டி எங்கே பத்திரமாக இருக்கும்? ஒரே தட்டில் கோடு கிழித்து சாம்பார் தனி, ரசம் தனி என்று வைப்பது மாதிரிதான் இது. என் கணினியில் சி மட்டும்தான். இந்தக் கேள்வியே எனக்கு வந்ததில்லை.

கடைக்காரர்_திண்டுக்கல்:
உங்கள் விண்டோஸ் கெட்டால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று பார்க்கிறேன் :)

பெங்குவின்_பாண்டி:
டேபிள்ஃபேன் அண்ணே, அக்கா வீட்டு விஷயம் வருத்தம்தான். ஆனால் அது யூபிஎஸ்ஸின் தவறு. ஜிபார்ட்டெட் சும்மா எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஓடாது. சுருக்கும் முன் ஒத்திகை பார்க்கும். நகர்த்தும்போது பிழை வந்தால் செய்ததைத் திரும்ப அவிழ்க்கப் பார்க்கும். கரண்ட் போனால் மட்டும் அதற்கு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பார்ட்டிஷனைத் தொடுவதே ஆபத்து என்று பயமுறுத்துவதுதான் பிடிக்கவில்லை. 2024 ஜனவரியில் கேபி 5034441 என்ற விண்டோஸ் அப்டேட் வந்தபோது ரெகவரி பார்ட்டிஷன் சின்னதாக இருந்த கணினிகளில் ஏறவே இல்லையே. சி-யில் 250 எம்பி சுருக்கி ரெகவரியைப் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழி எழுதிப் போட்டது. வீட்டில் இருக்கிறவர்கள் உட்கார்ந்து செய்தார்கள்.

இன்னொன்று, 230 ஜிபியைக் காப்பி செய்தாலும் அதே டிஸ்க் அதே மணிக்கணக்கில்தானே ஓடும்? அப்போது மட்டும் கரண்ட் போகாதா?

டேபிள்ஃபேன்:
போகும். போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. காப்பி பாதியில் நின்றால் டி-யில் இருப்பது அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் ரோபோகாப்பியில் (விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளை) மறுபடி போட்டால் முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். நகர்த்தல் பாதியில் நின்றால் திரும்பிப் போக இடமே இல்லை.

மைக்ரோசாஃப்ட் சொன்னதும் சி-யின் வாலில் 250 எம்பி வெட்டுவதைத்தான். எந்தப் பார்ட்டிஷனையும் தலையோடு நகர்த்தச் சொல்லவில்லை. நீங்களே எனக்குச் சாட்சி தேடிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒற்றை_சி சொன்னதில் ஒன்று சரி. ஈ-க்குக் காப்பி செய்வது பேக்கப் ஆகாது, அதே டிஸ்க்தான். பையன் போட்டோ மட்டுமாவது வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற வேண்டும். கயல், எதைச் செய்வதற்கு முன்னும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருள்) போட்டு என்ன நிறம் காட்டுகிறது என்று சொல்லுங்கள். டிரைவ் படத்தில் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டு இருந்தால் பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிரைவைப் பூட்டி மறையாக்கம் செய்திருக்கிறது. 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

கயல்_சேலம்:
பூட்டு இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள், "காஷன்" என்று வருகிறது. கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரியில் நிறைய சைபர், கடைசியில் 8. கொஞ்ச நாளாக பழைய வீடியோ சிலது ஓடும்போது கணினி உறைந்துபோய்விட்டு அப்புறம் நகரும். சி நிறைந்ததால்தான் என்று நினைத்தேன்.

பெங்குவின்_பாண்டி:
சகோ, ஜிபார்ட்டெட்டை மறந்துவிடுங்கள். நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

அந்த 8 என்பது டிஸ்க்கால் படிக்க முடியாமல் போன செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள். மறுபடி எழுத வாய்ப்பு வந்தால் சரியாகலாம், இல்லையென்றால் ஒதுக்கிவைத்த மாற்று செக்டருக்குப் போகும். எட்டோடு நின்று வருடக்கணக்கில் ஓடிய டிஸ்க்கும் பார்த்திருக்கிறேன். ஆனால் 315 ஜிபியையும் வரி விடாமல் படிக்கிற வேலையை இந்த டிஸ்க்கிடம் கொடுக்கக் கூடாது.

டேபிள்ஃபேன்:
என் வழியும் இப்போது வேண்டாம். டி-யிலிருந்து ஈ-க்குக் காப்பி செய்து இந்த டிஸ்க்கை இன்னும் ஓடவிடாதீர்கள். டிஸ்க் ரிப்பேர் என்று செக்டிஸ்க்கும் போடாதீர்கள். வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, முதலில் போட்டோ, அப்புறம் வீடியோ, அப்புறம் மற்றது. ரோபோகாப்பி போடும்போது மறுமுயற்சி எண்ணிக்கையை 1 என்று குறைத்துவிடுங்கள். சும்மா விட்டால் படிக்க முடியாத ஒரே ஃபைலில் பத்து லட்சம் முறை முட்டிக்கொண்டு நிற்கும்.

கடைக்காரர்_திண்டுக்கல்:
இந்த விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரி. மேடம், விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய டிஸ்க்கை நம்பாதீர்கள்.

கயல்_சேலம்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். போட்டோ முழுதும் வந்துவிட்டது. வீடியோவில் இரண்டு மட்டும் படிக்கவில்லை. ஒன்று பையன் முதல் பிறந்தநாள் வீடியோ, அது தங்கச்சி போனில் இருந்தது. இன்னொன்று என்னவென்றே ஞாபகம் இல்லை.

புது 500 ஜிபி எஸ்எஸ்டி இங்கே பக்கத்துக் கடையில் மாட்டினேன். கேட்காமலே சி 150, டி 315 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

டேபிள்ஃபேன்:
டி காலியாகத்தானே இருக்கிறது? இன்றைக்கே நீக்கிவிட்டு சி-யை நீட்டிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

பெங்குவின்_பாண்டி:
நடுவில் ரெகவரி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் சகோ. இருந்தால் எக்ஸ்டெண்ட் மறுபடி மங்கலாகத்தான் இருக்கும்.

கடைக்காரர்_திண்டுக்கல்:
அந்தக் கடை நான் இல்லை.