செயின்ட் அகஸ்டினில் நிற்கிறோம், என்ஜின் சூடாகிறது: ஞாயிறு கிளம்பலாமா?

உப்பங்கழி:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில் பீச்சிலிருந்து உள்நாட்டு நீர்வழியாகச் சுமார் 30 மைல் இறங்கி, வார இறுதிக்குச் செயின்ட் அகஸ்டினில் மூரிங் (படகைக் கட்டும் மிதவை) எடுத்திருக்கிறோம். பிரிட்ஜ் ஆஃப் லயன்ஸ் என்ற தூக்குப் பாலத்துக்குத் தெற்குப் பக்கம். 31 அடிப் பாய்மரப் படகு, டீசல் என்ஜின், என்ஜினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டு.

டோலமாட்டோ ஆற்றில் வரும்போதே வெப்பமானி ஏறத் தொடங்கியது. மெதுவாக ஓட்டினால் 80 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. வேகத்தைக் கூட்டினால் 95 வரை போகிறது. புகைக்குழாயோடு வரும் தண்ணீரும் வழக்கத்தைவிடக் குறைவு. உள்ளே வரும் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. என்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்கிறார் இவர். ஞாயிறு காலை வடக்கே திரும்ப வேண்டும். என்ன செய்யலாம்?

டீசல்தாசன்:
தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள் சகோதரி. அது கெட்டிருந்தால் வெளியே வரும் தண்ணீர் ஏன் குறைய வேண்டும்? கடல்நீரே போதுமான அளவு உள்ளே வரவில்லை. முதலில் கடல்நீர்ப் பம்பில் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு இதழ் உடைந்திருந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில்தான் போய் அடைந்திருக்கும்.

நங்கூரம்:
இம்பெல்லர் அப்புறம். தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்த ஆற்றின் இரு கரையும் சதுப்புப் புல். காய்ந்த தண்டுகள் ஓதம் வற்றும்போது கொத்துக் கொத்தாக மிதந்து வரும். ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருப்பதே எனக்குச் சந்தேகம். குப்பை அங்கே வந்து சேரவில்லை என்றால் அதற்கு முன்பே சிக்கியிருக்கலாம்.

படகின் அடியில் கடல்நீர் நுழையும் வால்வான சீகாக்கை மூடுங்கள். அதிலிருந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகும் குழாயை ஸ்ட்ரெய்னர் பக்கம் கழற்றி, முனையை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வாளிக்குள் பிடித்துக்கொண்டு, சீகாக்கைக் கொஞ்சமாகத் திறங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். வடிந்தால் அடைப்பு அங்கேதான். அப்படியென்றால் டிங்கி என்ற சிறு படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பை அந்த முனையில் வைத்து, சீகாக்கை முழுக்கத் திறந்து மிதியுங்கள். அடைப்பு வந்த வழியே வெளியே போய்விடும். குழாயை அடைக்க மரத்தக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒருவர் சீகாக் பக்கத்திலேயே இருக்கட்டும்.

டீசல்தாசன்:
சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் இம்பெல்லரையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் குறைவாக ஓடியிருந்தால் ரப்பர் அடி வாங்கியிருக்கும்.

கழிமுகத்தான்:
என்ஜினை நம்ப முடியும்வரை கிளம்பாதீர்கள் அக்கா. மூடியிருக்கும்போது அந்தப் பாலத்தின் உயரம் குறைவு, உங்கள் பாய்மரம் போகாது. திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். நீரோட்டமோ பலமானது. பாலத்தை நோக்கித் தள்ளும் ஓட்டத்தில் என்ஜின் நின்றால் நங்கூரம் போட நேரம் கிடைக்குமா என்பதே கேள்வி. பாலத்தைக் கடந்ததும் கடல் வழியாகப் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்த முகத்துவாரத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பகலில் மணிக்கும் அரை மணிக்கும் திறப்பார்கள். வாரநாள் என்றால் சில நேரங்களில் திறக்க மாட்டார்கள், திங்கள்வரை தங்கினால் இது நினைவிருக்கட்டும். விஎச்எஃப் வானொலியின் 9-ம் அலைவரிசையில் பாலத்தைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் சும்மா இருந்தால் கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள். காஸ்டில்லோ டி சான் மார்கோஸ், 1672-ல் ஸ்பானியர்கள் கட்டத் தொடங்கியது. சுவரெல்லாம் கொக்கினா, சிப்பிகள் இறுகி உண்டான கல். 1702-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுச் சுட்டபோது சுவர் நொறுங்கவில்லை, குண்டைத்தான் உள்வாங்கிக்கொண்டது.

உப்பங்கழி:
அனைவருக்கும் நன்றி. நங்கூரம் சொன்னதுதான். குழாயிலிருந்து தண்ணீர் நூல்போல வடிந்தது. சீகாக்குக்கு மேலே உள்ள வளைவில் புல் இறுகிக் கிடந்திருக்கிறது. பம்பை மிதித்ததும் ஒரு பெரிய கொத்து படகுக்கு வெளியே மிதந்தது. இம்பெல்லரில் இதழ்கள் எல்லாம் இருந்தன, இரண்டில் மட்டும் அடியில் வெடிப்பு. கையிருப்பில் இருந்த புதியதைப் போட்டாயிற்று. (இவர் கோட்டைக்குப் போகவில்லை, சீகாக் பக்கத்தில் உட்காரவைத்தேன்.)

டீசல்தாசன்:
நல்லது. மூரிங் கயிற்றை அவிழ்க்காமலே கியரைப் பின்னோக்கிப் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சும்மா நிற்கும்போது ஓட்டினால் என்ஜினுக்குச் சுமையே இருக்காது, அந்தச் சோதனை வீண்.

உப்பங்கழி:
ஓட்டிப் பார்த்தோம், 80-ஐத் தாண்டவில்லை. தண்ணீரும் நன்றாக வருகிறது. ஞாயிறு காலை முதலில் கோட்டை, பிறகு 12 மணித் திறப்பில் வடக்கே. போகும் வழியில் அந்தப் புல் மறுபடி உள்ளே வராமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

நங்கூரம்:
ஞாயிறு என்பதால் 12 மணிக்குத் திறப்பார்கள், கவலை இல்லை. புல் கொத்து முன்னால் தெரிந்தால் சுற்றிப் போங்கள். முடியாவிட்டால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அதன் மேல் மிதந்து கடந்துவிடுங்கள். மணிக்கொரு முறை பின்பக்கம் எட்டிப் பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று கவனியுங்கள். வெப்பமானி காட்டுவதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும்.