தவில் வாசித்த மாமாவுக்கு முதலில் எந்த டிரம் கோர் நிகழ்ச்சியைப் போடலாம்?

பாமணிக்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றை ஒட்டின ஊர் எனக்கு. விவசாயம்தான். ஒரு யோசனை வேண்டும்.

என் தாய்மாமன் தவில்காரர். சுற்றுப்பட்டுக் கோயில்களில் நாற்பது வருஷம் வாசித்தவர். இப்போது எழுபத்தொரு வயது. இடது தோள் இறுகிப்போனதால் தவிலின் இடது பக்கமான தொப்பியில் கழி போட முடியவில்லை. தவில் உறை போட்டு அலமாரி மேல் ஏறிவிட்டது. வலது கை விரல்களில் மாட்டுகிற கூடுகளை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருக்கு டிரம் கோர் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். முதல் இரண்டு நிமிஷம் மனசில் ஒட்டவில்லை என்றால் மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போய்விடுவார். எதில் தொடங்கலாம்?

தெரியாதவர்களுக்கு: டிரம் கோர் என்பது அமெரிக்க இளைஞர்களின் நடை வாத்தியக் குழு. பித்தளைக் குழல்கள், தோல் வாத்தியங்கள், மரிம்பா மாதிரி மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியங்கள், கொடி சுழற்றுகிறவர்கள். புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க ஓடியும் நடந்தும் பதினொன்று பன்னிரண்டு நிமிஷம் வாசிப்பார்கள். 1972 முதல், 2020, 2021 தவிர, வருஷா வருஷம் தேசிய அளவில் போட்டி நடக்கிறது. இருபத்திரண்டு வயதோடு வெளியே வந்துவிட வேண்டும்.

நான் இதற்குள் வந்தது ஆறு வருஷம் முன்னால், ஒரு தை மாசம். சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு முறை வருவதற்காகக் காத்திருந்தோம். ராத்திரி பனி கொட்டும். தார்ப்பாய் ஓரம் பறக்காமல் செங்கல் வைத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தவில் தனி தேடிக்கொண்டிருந்தபோது யூடியூப் தானாக ஒரு காணொளியைப் போட்டது. ஏதோ ஒரு வாகன நிறுத்தத்தில் சாண்டா கிளாரா வான்கார்ட் என்கிற டிரம் கோர் குழுவின் பையன்கள் நின்று கை பழக்குகிறார்கள். ஒன்பது பேர் வரிசையாக ஸ்னேர், அதாவது இரண்டு குச்சியால் அடிக்கிற தட்டையான முரசு. குச்சியின் நுனி அத்தனையும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறது, ஒரே உயரத்துக்கு இறங்குகிறது. உருட்டுச் சொல் ஒன்பது கையிலிருந்து வந்தும் ஒரு கையாகத்தான் காதில் விழுந்தது. விடியும்வரை அதையே கேட்டேன்.

அதற்கப்புறம் என்னை ரொம்பப் பிடித்துக்கொண்டது பேஸ் டிரம். ஐந்து பேர். சின்னது சுமார் 18 அங்குலம், பெரியது 30 அங்குலத்துக்கும் மேலே. ஆளுக்கு ஒரு முரசு, முரசுக்கு ஒரு சுருதி. ஒரு வேகமான சொற்கட்டை எடுத்து, தகதிமியில் ‘த’ ஒருவனுக்கு, ‘க’ அடுத்தவனுக்கு என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தன் எழுத்து வரும்வரை சும்மா நிற்க வேண்டும், வந்த கணத்தில் அடித்துவிட்டு விலக வேண்டும். ஒருத்தன் பிசகினாலும் சொல் உடைந்துவிடும். இதை நம் தவிலில் நான் கேட்டதில்லை. நம் ஆள் ஒரு கை விரல்களையும் ஒரு கழியையும் வைத்துத் தனியாளாகச் செய்வதை, ஐந்து உடம்புகள் சேர்ந்து செய்கின்றன.

திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று. சாண்டா கிளாராவின் 1989. அந்த வருஷம் அவர்களுக்குத்தான் முதலிடம். ஸ்டார் ஆஃப் இண்டியானாவின் 1993, பார்ட்டோக், பார்பர் என்கிற இசையமைப்பாளர்களின் இசையை வைத்துச் செய்தது. 0.1 மதிப்பெண் குறைந்து இரண்டாமிடம். அன்று பலருக்கு அது பிடிபடவில்லை என்பார்கள். எனக்கோ அதில் வரும் மௌனங்கள் போதும், அடுத்த அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது ஃபாண்டம் ரெஜிமென்டின் 2008, ரோமில் கலகம் செய்த அடிமை ஸ்பார்ட்டகஸின் கதை.

2004க்கு முன்னால் மைதானத்தில் மைக் வைக்க அனுமதி இல்லை. அதனால் பழைய பதிவுகளில் மரிம்பா வாசிக்கிறவர்கள் கட்டையை ஓங்கித்தான் அடித்திருப்பார்கள். அந்த மரச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு குறை. இந்தப் பதிவுகளெல்லாம் அரங்கின் உச்சியிலிருந்து எடுத்தவை. பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலசுவாமி புறப்பாடு வரும்போது நான் வீதி முனையில் போய் நிற்பேன். மேளம் மூலை திரும்பும் முன்பே தொப்பிச் சத்தம் மட்டும் சுவரில் மோதி வரும். திரும்பியதும் தாளம். அப்புறம் நாயனம் நேராக நெஞ்சுக்கு வரும். வலது பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்பது நம்மைத் தாண்டும் அந்த ஒரு நிமிஷம்தான். அதற்கப்புறம் மறுபடி தொப்பி மட்டும். டிரம் கோரிலும் சத்தம் அப்படி நடக்கத்தானே செய்யும்? அதை மாமாவுக்கு எப்படிக் கேட்கவைப்பது?


கழிக்காரன் எழுதியது:

அண்ணே, நானும் தவில்தான். திருவாரூர்ப் பக்கம்.

முழு நிகழ்ச்சியை முதலில் போடாதீர்கள். உடுப்பு, கொடி, ஓட்டம் என்று கண் அலைந்தால் காது போய்விடும். எங்களுக்கு முதலில் கை தெரிய வேண்டும். நீங்கள் சொன்ன வாகன நிறுத்தக் காணொளிதான் சரி. அதிலும் பேஸ் டிரம் மட்டும் வருகிற மாதிரி ஒன்று. ஸ்னேரைக் கேட்டால் ‘நல்லா உருட்டுறான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அந்த உருட்டு அவருக்குப் புதுசு இல்லை. ஐந்து பேர் ஒரு சொல்லைப் பிரிப்பது புதுசு.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாசிப்பது முழுக்க எழுதிவைத்தது. சீசன் பூரா ஏறக்குறைய அதே பன்னிரண்டு நிமிஷம். எங்களுக்கு நேற்று வாசித்ததை இன்றைக்கு அப்படியே வாசித்தால் கை கூசும். உங்கள் மாமா அதைக் கேட்பார். அப்போது மல்லாரியை நினைவுபடுத்துங்கள். கம்பீர நாட்டை ராகத்தில் சாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரியும் அமைத்துவைத்த உருப்படிதானே? அதையே கீழ்க் காலம், மேல் காலம் என்று திரிகாலம் செய்யும்போது ஜோடித் தவில் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். அந்த இடத்தில் எவனும் கற்பனை பண்ண மாட்டான். நெல்முனை பிசகக் கூடாது.


பாமணிக்கரை எழுதியது:

தம்பி, மல்லாரி சொன்னீர்களே, அதுதான் எனக்கு வாயில் வராமல் இருந்தது. ரொம்ப நன்றி.

எழுதிவைத்தது என்பதைப் பற்றி ஒன்று. ஒரே நிகழ்ச்சியின் ஜூன் மாசப் பதிவையும் ஆகஸ்ட் இறுதிப்போட்டிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜூனில் நாற்று, ஆகஸ்டில் கதிர். சுரம் பெரும்பாலும் மாறியிருக்காது, ஆனால் இடைவெளிகள் நிறைந்திருக்கும். நான் அதற்காகவே இரண்டையும் தேடித் தேடிக் கேட்கிறேன்.


குத்தாலத்தான் எழுதியது:

நமக்கு மாயவரத்துக்கு மேற்கே குத்தாலம். பதினோரு வருஷமாக இண்டியானாபொலிஸில் வேலை. இறுதிப்போட்டி 2009லிருந்து இங்கே லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது. நான்கு தடவை போயிருக்கிறேன்.

சத்தம் நடப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைதானத்தின் நீளம் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அந்தக் கோடியில் அடித்தது இந்தக் கோடிக்கு வரக் கால் விநாடிக்கு மேல் ஆகும். வேகமான நடையில் அதற்குள் ஒரு முழு எழுத்து கடந்துவிடும். காதை நம்பி எல்லோரும் வாசித்தால் கேட்கிறவனுக்குக் குழம்பிப்போகும். அதனால் முன்னால் நிற்கிறவர்கள் பின்னாலிருந்து வருகிற சத்தத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும், பின்னால் இருப்பவர்கள் முன்னால் கேட்பதைக் காதில் வாங்காமல் முன்னால் நின்று தாளம் காட்டுகிற டிரம் மேஜரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பழகும்போது தாளம் தட்டுகிற மெட்ரனோம் கருவியின் ஸ்பீக்கரை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். டிக் டிக் என்று அது ஒலிக்க, பையன்களின் சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. எட்டு நிமிஷத்துக்கு ஒரே ஒரு பயிற்சியை மட்டும் அடித்தார்கள். யாரும் பேசவில்லை.

கோடை முழுக்க பஸ்ஸில்தான் பயணம், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை. நம் மேளக்காரர்கள் திருவிழாவுக்குத் திருவிழா கோயில் மண்டபத்தில் படுத்தெழுந்து வாசித்ததை உங்கள் மாமா பார்த்திருப்பார். அதைச் சொல்லுங்கள், உடனே அவர்கள் மேல் ஒட்டுதல் வந்துவிடும்.

என் ஓட்டு ஃபாண்டம் 2008க்கு. 0.025 மதிப்பெண்ணில் ப்ளூ டெவில்ஸ் குழுவைத் தாண்டிய வருஷம். கடைசியில் கனத்த குழல்கள் ஒன்றாகத் திறக்கும். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் போடுங்கள். ஃபோனில் வேண்டாம்.


மேல வீதி எழுதியது:

தஞ்சாவூரிலிருந்து சின்னதாக ஒன்று. மேற்கத்திய பேண்டு நமக்குப் புதிய விருந்தாளி இல்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரண சுரங்களில் நோட்டுஸ்வரங்கள் செய்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ அவர்களுடைய ராஜ வாழ்த்து மெட்டேதான். மாமாவுக்கு நாயன வழியாக நோட்டுஸ்வரம் பழக்கமாயிருக்கும். அதில் ஒன்றை முதலில் போட்டுவிட்டு, பிறகு குழல்கள் மட்டும் நிதானமாக ஊதுகிற பகுதி ஒன்றைப் போடுங்கள். தோலுக்கு அப்புறம் வரலாம்.


பாமணிக்கரை எழுதியது:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்ததால் ஒரே நடையில் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன்.

மேல வீதி ஐயா, நோட்டுஸ்வரத்தை அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறேன். கழிக்காரத் தம்பி சொன்னபடி பேஸ் டிரம்மில்தான் தொடங்கினேன். பெரிய ஸ்பீக்கர் கிடைக்கவில்லை. அத்தை ஒரு காலி வெண்கலப் பானையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார், அதற்குள் ஃபோனைப் போட்டோம். ஒரு ஜூன் மாசப் பதிவு, வெயிலில் நின்று பழகுகிறார்கள். மாமா படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் “எத்தனை பேரு?” என்றார்.

“அஞ்சு பேர் மாமா.”

“ஒருத்தன்னுல்ல நெனச்சேன். திரும்பப் போடு.”

இரண்டாம் தடவை கேட்கும்போது வலது கை விரல்கள் முழங்காலில் ஓடின. மூன்றாம் தடவை நடுவிலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “சின்ன முரசுக்கு அடுத்தவன் இருக்கான் பாரு, அவன் ஒரு மயிரிழை பிந்துறான். எல்லா நேரமும் இல்ல. சொல்லு திரும்புற எடத்துல மட்டும்.”

நான் அந்தக் காணொளியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அப்படி ஒன்று என் காதில் பட்டதே இல்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஃபோனைப் பானையிலிருந்து எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். ஆமாம். இரண்டாவது முரசு, மேலிருந்து கீழே இறங்கிவிட்டு மறுபடி மேலே திரும்புகிற இடம். இருக்கிறது.

“தாளம் யாரு போடுறா?” என்று கேட்டார். குத்தாலத்து அண்ணன் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். சத்தமே இல்லாமல் கையை மட்டும் பார்த்து இத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத் தரையில் படுக்கிறதைச் சொன்னதும், “கொசு உண்டா அங்க?” என்றார். அப்புறம் ஸ்டார் 1993 போட்டேன். மௌனம் வருகிற இடங்களில் தலையை ஆட்டினார். ஸ்பார்ட்டகஸ் வரைக்கும் போகவில்லை, இருட்டிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமாவே ஃபோன் பண்ணினார். “அந்தப் பய ஆகஸ்டுக்குள்ள சரி பண்ணிட்டானான்னு பாரு” என்றார். அதற்கப்புறம் தினம் கேட்கிறார். அதே குழு, அதே வருஷம், ஜூலைக்குப் பிறகு எடுத்த பேஸ் டிரம் பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. குழுவின் பெயரைத் தனி மடலில் சொல்கிறேன். யாரிடமாவது இருந்தால் இணைப்பு அனுப்புங்கள்.