மொய்க் கவரில் மொரிஷியஸ் நோட்டு

செல்வி அக்கா: மொய்க் கணக்கு முடிந்தது. ஒரு கவரில் மட்டும் பேர் இல்லை. உள்ளே இந்த நோட்டு 📷

கௌதம்: கள்ள நோட்டா?

தஞ்சாவூர் அத்தை: நம் பக்கத்து ஆட்கள் இப்படி வைக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் கேள்.

செல்வி அக்கா: அத்தை, கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆரம்பிக்காதீர்கள் 🙏

மணி சித்தப்பா: தமிழ் எழுத்து இருக்கிறதே. சிங்கப்பூரா?

திவ்யா: நோட்டுப் படத்தில் இருப்பவர் ஏதோ சோழ ராஜா வம்சம் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே.

பெரியப்பா: ராஜாவும் இல்லை, வம்சமும் இல்லை. அது மொரிஷியஸ் 100 ரூபாய். படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். 1910இல் பிறந்தவர். வக்கீல், தொழிலாளர் கட்சிக்காரர்.

பெரியப்பா: 1948 தேர்தலைச் சொல்ல வேண்டும். அதுவரை சொத்து, வருமானம் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. தீவு முழுக்க 12,000 பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். அந்த வருஷம், அங்கே புழங்கும் எந்த மொழியிலாவது எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று ஆனது. தமிழ் மட்டும் படித்த கரும்புத் தோட்டத் தொழிலாளிக்கும் ஓட்டு வந்தது. வாக்காளர் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. அந்தத் தேர்தலில்தான் இவர் போர்ட் லூயியிலிருந்து சட்டசபைக்குப் போனார்.

மணி சித்தப்பா: 👍

தஞ்சாவூர் அத்தை: மீதி ஜாங்கிரி யார் வீட்டில்?

பெரியப்பா: இரும்மா, முடிக்கவில்லை. 1957இல் மந்திரி சபை முறை வந்ததும் கல்வி மந்திரி ஆனார். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்றிருந்த ஊரில் அது எவ்வளவு பெரிய பொறுப்பு! மறு வருஷமே போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1968 மார்ச் 12 சுதந்திரத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கௌதம்: பாவம்.

மணி சித்தப்பா: மாற்றினால் எவ்வளவு வரும்?

பெரியப்பா: மாற்றவே கூடாது மணி. அங்கே நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998இல் அடித்த நோட்டில் இந்தியை மேலே கொண்டுபோய்விட்டார்கள். தமிழர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று வேறு அடிக்க வேண்டியதாயிற்று. செல்வி, வரிசையைப் பார்த்துச் சொல்.

செல்வி அக்கா: தமிழ்தான் இரண்டாவது பெரியப்பா.

திவ்யா: மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மொரிஷியஸில் வேலை பார்க்கிறாராம். அவராக இருக்குமோ?

தஞ்சாவூர் அத்தை: நான்தான் சொன்னேனே, சம்பந்தி பக்கம்.

செல்வி அக்கா: யாராக இருந்தாலும் ஆசையாக வைத்திருக்கிறார் அத்தை. மொய்க் கணக்கு நோட்டில் என்ன பேர் எழுதுவது?

பெரியப்பா: இப்போதைக்கு “மொரிஷியஸ் 100” என்று எழுது. பேர் தெரிந்ததும் சேர்த்துக்கொள், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். அதை என்னிடம் கொடு, கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கிறேன்.

மணி சித்தப்பா: அப்பாவின் அணாக் காசுகளும் அப்படித்தான் உங்களிடம் வந்தன அண்ணா.

பெரியப்பா: அவை பத்திரமாக இருக்கின்றன. அதை எதற்கு இப்போது இழுக்கிறாய்?

கௌதம்: பொண்ணு மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டாமா?

செல்வி அக்கா: ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டுக்கு வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம். வாடகைப் பாத்திரத்தில் ஒரு சாம்பார் வாளி குறைகிறது. யாராவது பார்த்தீர்களா?

திவ்யா: மூடி போட்டதா? எங்கள் கார் டிக்கியில் இருக்கிறது 😬