முதுகில் துளையிட்டுச் சிறுநீரகக் கல் எடுக்கும்போது ரத்தக்கசிவை எப்படி நிறுத்துகிறார்கள்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 61 வயதான என் தந்தையின் இடது சிறுநீரகத்தில் 26 மி.மீ. அளவுள்ள கல் இருப்பதால், முதுகில் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறார். துளை மிகச் சிறியதுதான் என்று சொல்லும் மருத்துவர் ரத்தத்தையும் தயாராக வைக்கச் சொன்னது எங்களைக் கலங்க வைத்துள்ளது. ரத்தக்கசிவை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (சிறுநீரக அறுவை மருத்துவர்):
இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ரத்தம் தயாராக வைப்பது அதனால்தான், பயப்பட அல்ல. கசிவு பெரும்பாலும் முதல் ஊசி நுழையும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் சிறு கிண்ணத்தின் நுனி வழியாக நுழைந்தால் பெரிய தமனிகள் விலகி நிற்கும். கிண்ணத்தின் கழுத்தில் குத்தினாலோ, உள்ளே கருவியை வலிந்து வளைத்தாலோ அவை கிழியும். துளையின் அகலமும் முக்கியம்: வழக்கமான 30 பிரெஞ்சு (மருத்துவக் குழாய்களின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவு என்பது 10 மி.மீ.; 'மினி' முறையில் 18 பிரெஞ்சு, அதாவது 6 மி.மீ. போதும்.

சிறுநீரில் உறைகட்டியைக் கரைக்கும் யூரோகைனேஸ் என்னும் நொதி இருப்பதால், அந்தக் கரைப்பைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை மயக்க மருந்து கொடுக்கும் வேளையிலேயே பலர் செலுத்துகிறார்கள். ஆனால் ஸ்டென்ட் உள்ளவருக்கு அதைத் தரலாமா, ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரோடு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சிரை ரத்தம் பெருகிப் பார்வை மறைந்தால், துளை வழியே குழாயை வைத்துச் சிறிது நேரம் அடைத்துவிடுவோம். உள்ளே உறையும் ரத்தமே அழுத்தி நிறுத்திவிடும். மீதிக் கல்லைச் சில நாட்கள் கழித்து எடுக்கலாம். அப்படிப் பாதியில் நிறுத்துவதைத் தோல்வி என்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது.

பதில் 2:
எனக்கு இதே சிகிச்சை நடந்து, வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் இரவில் சிறுநீர் அடர்சிவப்பாகி, கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. ஒரு சிறு தமனி பை போல் புடைத்துக் கசிவதை ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில் கண்டுபிடித்து, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த ஒரு கிளையை மட்டும் சுருள்கம்பி வைத்து அடைத்தார்கள். இப்படி நேரலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லாததால், காலைவரை காத்திருந்து ரத்தத்தை இழந்தேன் என்பதே என் வருத்தம்.

பதில் 3 (பதில் 1 எழுதியவர்):
அவர் சொல்வது மிகவும் சரி. தாமதக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் வரும். அரிதானது என்றாலும் சொல்லாமல் விடக்கூடாதது. இளஞ்சிவப்புச் சிறுநீர் சில நாட்கள் வருவது இயல்பு. கட்டிகள் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தலைசுற்றினாலோ எந்த நேரமானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். ஆஞ்சியோ வசதி அங்கேயே உள்ளதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.