மருந்து ஊற்றும்போது மீனுக்கு எப்படி இருக்கிறது? பண்ணைக்காரர்களின் அனுபவங்கள்

கெண்டைக் குளம், ஒரத்தநாடு:

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். குளத்துக் கிருமிக்குப் போடும் ஃபார்மலின் மருந்தை விட்டுவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு, பெராசிட்டிக் அமிலம் என்று மாறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கிருமி செத்ததா, தண்ணீர் தெளிந்ததா என்று எல்லாரும் பேசுகிறோம். மீன் எப்படித் தாங்கியது என்று சொல்லுங்கள், எனக்கு வேண்டியது அதுதான்.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபார்மலினை நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன். 5 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 5 பங்கு) ஃபார்மலின் போட்டால் ஒன்றரை நாளுக்குள் தண்ணீரிலிருந்து சுமார் 1 பி.பி.எம். ஆக்சிஜன் போய்விடும். பாசியும் சாகும் என்பதால் அடுத்த விடியற்காலை இன்னும் மோசம். செவுளில் நோய் கண்ட மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும். அதற்குக் கொடுக்கிற மருந்தே மூச்சைக் குறைத்தால் என்ன நியாயம்? பெராக்சைடு சிதைந்தால் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான்.

ஆனால் எச்சம் இல்லை என்பதால் எரிச்சலும் இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. கிருமியை அரிக்கிற அதே மருந்து செவுளையும் அரிக்கும், வெயில் ஏற ஏற அது கூடும். நார்வேயில் சால்மன் மீனின் உடம்பில் ஒட்டும் பேன் என்ற ஒட்டுண்ணிக்குப் பெராக்சைடு குளியல் கொடுப்பவர்கள் தண்ணீர் 13, 14 டிகிரியைத் தாண்டினாலே தயங்குவார்கள். அவர்கள் போடும் அளவு நம்முடையதைவிடப் பல மடங்கு, சரி. ஆனாலும் நம் குளம் 30 டிகிரி அல்லவா? அதனால் காலையிலேயே தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓடவிட்டு, நிறையத் தண்ணீரில் கரைத்து, குளம் முழுக்கப் பரவலாகத் தெளிக்கிறேன். மறுநாள் வீச்சுவலை போட்டு நாலைந்து மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். இழைகள் நல்ல சிவப்பாகப் பிரிந்து நின்றால் கவலையில்லை. வெளுத்து, சளி கட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் மீன் அடி வாங்கியிருக்கிறது. கம்பில் கட்டிய தீவனப் பை காலியாகாமல் தொங்கினாலும் அதே அர்த்தம்தான்.

டிஸ்கஸ் வளர்ப்பு, கொளத்தூர்:

அண்ணே, தொட்டி மீன்காரர்களுக்கு உங்களைவிட ஒரு சிக்கல் கூடுதல். டிஸ்கஸ் என்ற அலங்கார மீனுக்கு உப்பு குறைந்த மென்மையான தண்ணீர் வேண்டும், ஆர்.ஓ. தண்ணீர் கலந்துதான் வைக்கிறோம். பெராசிட்டிக் அமிலம் சிதைந்து அசிட்டிக் அமிலம், தண்ணீர், ஆக்சிஜன் ஆகிவிடும், அது நல்ல விஷயம். ஆனால் காரத்தன்மை குறைந்த தண்ணீரில் அது பி.எச்.சை (தண்ணீரின் அமில, கார அளவை) சட்டென்று இறக்கும், மீனுக்கு விஷத்தன்மையும் கூடும். போர்வெல் தண்ணீரில் தங்கமீன் அலட்டிக்கொள்ளாமல் தாங்குகிற 1 பி.பி.எம்., ஆர்.ஓ. தொட்டியில் டிஸ்கஸை மூலையில் ஒடுக்கிவிடும். உடல் கறுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பிலிருக்கும் சளியைத் தின்றுதான் முதலில் வளர்கின்றன. தோலை உறுத்துகிற மருந்து எதுவானாலும் குஞ்சு ஒட்டியிருக்கும் தொட்டிக்குள் நான் விடுவதில்லை. வலை, குழாய், காலித் தொட்டி ஆகியவற்றைப் பெராசிட்டிக்கில் கழுவி அலசுகிறேன். மீனோடு இருக்கும் தண்ணீருக்கு நிதானமான வடிகட்டியும் தண்ணீர் மாற்றுதலும்தான். மலாக்கைட் க்ரீன் என்ற பச்சைச் சாய மருந்து எங்கள் தெருவில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சாப்பிடும் மீனுக்கு ஐரோப்பாவில் அதற்கு அனுமதியே இல்லை, உடம்பில் நிறமற்ற வடிவமாக மாறி நெடுநாள் தங்கிவிடும். அலங்கார மீன்தானே, யார் தின்னப்போகிறார்கள் என்று கேட்கிறார்கள். அந்த மீனும் அதில்தானே மூச்சு விடுகிறது?

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். கடைகாரர் ஒருவர் "பத்தாயிரம் லிட்டருக்குப் பத்து கிராம்" என்று சொல்லிக் கொடுத்தது சுத்த அமிலத்தின் கணக்கு. பாட்டிலில் 15 சதவீதம்தான் இருந்தால் 67 கிராம் வரும். அடுத்த முறை அடர்த்தி வேறான பாட்டில் வாங்கி இதே 67 கிராமை ஊற்றினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

கொடுவா நாற்றங்கால், மரக்காணம்:

கடல் தண்ணீரில் வேலை செய்பவர்கள், கிருமியைக் கொல்ல விடும் ஓசோன் வாயுவை மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். கடல் தண்ணீரில் இருக்கும் புரோமைடோடு சேர்ந்து உண்டாகும் பொருட்கள் ஓசோன் போன பிறகும் தண்ணீரில் நிற்கும், குஞ்சின் செவுளை எரிக்கும். நாங்கள் கரித்தூள் வடிகட்டியைத் தாண்டிய தண்ணீரைத்தான் தொட்டிக்கு விடுகிறோம். யு.வி. (புற ஊதா) விளக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கலங்கல் தண்ணீரில் பயனும் இல்லை.

புதுக் குளம், பட்டுக்கோட்டை:

அண்ணே, எனக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்தான் கட்டுப்படியாகும். 2 பி.பி.எம். போடலாமா?

கெண்டைக் குளம், ஒரத்தநாடு:

போடுவதற்கு முன்னால் ஒரு பக்கெட்டில் பாருங்கள் தம்பி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 1 கிராம் கரைத்து, அதிலிருந்து 20 மில்லி எடுத்து 10 லிட்டர் குளத்துத் தண்ணீரில் விடுங்கள், 2 பி.பி.எம். வந்துவிடும். இளஞ்சிவப்பு கால் மணி நேரத்துக்குள் பழுப்பாகிவிட்டால் தண்ணீரில் கழிவு அதிகம், மருந்தெல்லாம் அதற்கே போய்விடும். அளவைக் கூட்டாதீர்கள். அந்தப் பழுப்புத் தூள் செவுளிலும் படியும். தீவனத்தைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சுண்ணாம்பு போட்டிருந்தால் பி.எச்.சையும் பாருங்கள், ஏறியிருந்தால் பெர்மாங்கனேட் இன்னும் கடுமையாகும். பிற்பகல் நேரமாக இருந்தால் பி.எச். இன்னும் மேலே நிற்கும், அப்போது தொடவே வேண்டாம். உங்கள் குளத்து பி.எச். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று எழுதுங்கள், அளவை அப்புறம் பேசுவோம்.