கர்த்தர் பேசுகிறார் என்கிறார்கள், எனக்கு கிரைண்டர் சத்தம்தான் கேட்கிறது

பாளை மாவுக்காரி:

எல்லாருக்கும் தோத்திரம். பாளையங்கோட்டையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வயது 46. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் ஒரு விஷயம் இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை.

எங்கள் தெருவில் வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். சாட்சி சொல்லும் நேரத்தில் ஆளாளுக்கு "இன்றைக்குக் காலையில் கர்த்தர் என்னோடு பேசினார்" என்பார்கள். ஒரு அக்காவிடம் எந்தக் கலர் சேலை எடுக்கலாம் என்பது வரைக்கும் பேசுகிறாராம். குறை சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமைதான். நான் 4 மணிக்கு எழுந்து ஒரு அதிகாரம் வாசித்துவிட்டு 10 நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தால், வருவதெல்லாம் உளுந்து விலையும் கேஸ் புக் பண்ணினேனா என்ற யோசனையும்தான். அப்புறம் கிரைண்டரைப் போட்டுவிட்டால் வேறெதுவும் காதில் விழாது.

போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் என் பையன் தலையில் கை வைத்து, "ஆறு மாதத்தில் வெளிநாட்டு வாசல் திறக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். அதை நம்பி பாஸ்போர்ட் எடுத்தோம், ஒரு ஏஜென்டிடம் 40,000 ரூபாய் கட்டினோம். வாசலும் திறக்கவில்லை, ஏஜென்ட் போனும் எடுக்கவில்லை. பையன் இப்போது டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்கிறான். அன்றிலிருந்து யாராவது "கர்த்தர் சொன்னார்" என்று ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. உண்மையில் இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதமாக, மாவை வழித்து வாளியில் போடும்போது, "மதினிக்குப் போன் பண்ணு" என்று ஒரு நினைப்பு வருகிறது. வேறு எந்த நேரத்திலும் வராது, கையெல்லாம் மாவாக இருக்கும்போதுதான் வரும். அம்மா இறந்த பிறகு ஒரு ரெட்டை வடச் சங்கிலி விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று 2 வருஷம் ஆகிறது. தப்பு அவர்கள் பேரில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த நினைப்பு கர்த்தருடையதா, என் மனசா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அம்மா, 30 வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில், ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலின் பைபிள் கதையைச் சொன்னவன் நான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நானே கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கர்த்தர் கூப்பிட்ட சத்தம் இடிமுழக்கம் மாதிரி இருந்திருந்தால் சாமுவேல் தன்னை வளர்த்த ஏலியிடம் ஓடியிருப்பானா? பக்கத்தில் படுத்திருக்கிற கண் மங்கிய கிழவர், தண்ணீர் கேட்கக் கூப்பிடுகிறார் என்றல்லவா ஓடினான்! அந்த அளவுக்குச் சாதாரணமான சத்தம். மூன்று தடவை தப்பாகவே புரிந்துகொண்டான். ஆசாரியரான ஏலிக்கே மூன்றாவது தடவைதான் விஷயம் உறைத்தது. "அந்நாட்களிலே கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்தது" என்றுதான் அந்த அதிகாரமே ஆரம்பிக்கிறது. ஆகவே கேட்கவில்லை என்று நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அவனுக்குக் கிடைத்த செய்தியையும் பாருங்கள். தன்னை வளர்த்தவருடைய குடும்பத்துக்கு வரப்போகிற தண்டனை. சொல்லப் பயந்து விடியும்வரை படுத்திருந்தான் பையன். சேலைக் கலர் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. வேதத்தில் கர்த்தர் பேசினால், கேட்டவனுக்குப் பெரும்பாலும் அன்றைக்குத் தூக்கம் போயிருக்கிறது.

தீர்க்கதரிசி எலியாவிடம் கர்த்தர் பேசியபோது "அமர்ந்த மெல்லிய சத்தம்" வந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட மனுஷனைத் தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். தின்றுவிட்டு மறுபடி படுத்தான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை, அங்கேதான் அந்தச் சத்தம். 4 மணிக்கு எழுந்து மாவு அரைக்கிறவர் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது.

பையன் விஷயத்துக்கு உபாகமம் 18:22 வாசியுங்கள். ஒருவன் கர்த்தரின் நாமத்தினாலே சொன்னது நிறைவேறாவிட்டால் அதைக் கர்த்தர் சொல்லவில்லை, அவன் துணிகரத்தினால் சொன்னான், "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று இருக்கிறது. 40,000 திரும்பி வராது. ஆனால் அந்த வயிற்றுக் கலக்கமாவது தீரட்டும்.

சங்கரன்கோவில் தம்பி:

வாத்தியார் ஐயா அளவுக்கு எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது, கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரலை வைத்தேன். ஒன்று நாளாகமம் முதல் அதிகாரம். "ஆதாம், சேத், ஏனோஸ்." சரி, வம்சம் விருத்தியாகும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு சம்மதம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி இதைப் படித்தால் தொலைந்தேன்.

திண்டுக்கல் டிரைவர்:

அக்கா, நான் கத்தோலிக்கன், பஸ் டிரைவர். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒருதடவை இயேசு சபைச் சாமியார்கள் நடத்திய மூன்று நாள் தியானத்துக்கு அனுப்பினார்கள். பேசக்கூடாது, போன் கிடையாது. முதல் நாள் ஓடிவந்துவிடலாமா என்றிருந்தது. அங்கே சொன்னது ஒன்று எனக்கு இன்றுவரை உதவுகிறது.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், சாமியாராக ஆவதற்கு முன்னால் படையில் இருந்தவர். 1521இல் ஸ்பெயினில் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைந்து, லொயோலாவில் தன் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படிக்க வீரதீரக் கதை கேட்டால் வீட்டில் இல்லை. இருந்தது இயேசுவின் வரலாறும் புனிதர்கள் கதையும்தான். பொழுது போகாமல் இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் சாகசங்களை நினைத்தால் அந்த நேரம் இனித்தது, பிறகு மனசு வறண்டுபோனது. புனிதர்களைப் போல வெறுங்காலுடன் எருசலேம் போவதாக நினைத்தால் அப்போதும் சந்தோஷம், நினைப்பு கலைந்த பிறகும் சந்தோஷம். நினைக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, நினைத்து முடித்த பிறகு மனசில் என்ன தங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். தெளிந்து தேர்தல் என்று சாமியார்கள் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு உவமையும் சொல்லியிருக்கிறார். நல்ல வழியில் போகிறவனுக்கு நல்ல ஆவியின் தொடுதல், பஞ்சில் தண்ணீர்த் துளி விழுகிற மாதிரி. கெட்டது, கல்லில் விழுகிற மாதிரி, சத்தம் போட்டுத் தெறிக்கும். "உடனே பண்ணு, இன்றைக்கே பண்ணு, இல்லையென்றால் போச்சு" என்று விரட்டினால் நான் நம்புவதில்லை.

நடைமுறையில் நான் செய்வது இவ்வளவுதான். கடைசி டிரிப் முடிந்து டெப்போவில் வண்டியை விட்டபின் சீட்டிலேயே 5 நிமிஷம். காலையிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக மனசில் ஓட்டிப் பார்ப்பேன். எங்கே லேசாக இருந்தது, எங்கே கனத்தது. ஒருநாள் ஒரு பாட்டியை நிறுத்தம் தள்ளி இறக்கியது இரவு வரை கனத்தது. எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. மறுநாள் சரியாக நிறுத்தினேன்.

நீங்கள் கிரைண்டர் சத்தம்தான் கேட்கிறது என்கிறீர்கள். உளுந்து பொங்கிவிட்டதா, தண்ணீர் இன்னும் கொஞ்சம் தெளிக்க வேண்டுமா என்பதை மூடியைத் திறந்து பார்த்தா கண்டுபிடிக்கிறீர்கள்? புதிதாக வருகிற கண்டக்டருக்கு என் வண்டியில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். எனக்கு அதே இரைச்சலில் இடதுபக்க பேரிங் தேய்வது தனியாகக் கேட்கும். 22 வருஷம் ஆனது அதற்கு.

பெயர் வேண்டாம்:

மேலே எழுதியவர்களோடு சண்டை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு 19 வயதில் நிஜமாகவே காதில் குரல் கேட்டது. "சாப்பிடாதே, நீ அசுத்தன்" என்று சொல்லும். வீட்டில் நாங்கள் அதைக் கர்த்தர் உபவாசத்துக்கு அழைக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அவன் எலும்பும் தோலுமான பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை எடுக்கிறான், அச்சகத்தில் வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டும் பாடுகிறான். அக்காவுக்கு வருவது அந்த மாதிரி இல்லை, அது தெரிகிறது. ஆனால் இதைப் படிக்கிற யாருக்காவது காதில் குரல் கேட்டு, அது உங்களைத் திட்டினால், காயப்படுத்திக்கொள்ளச் சொன்னால், தயவுசெய்து ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள். 14416க்குப் போன் பண்ணினால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

பாளை மாவுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, சாப்பாடு விஷயத்தில் பிடித்துவிட்டீர்கள். 11 மணிக்குத்தான் வாயில் ஏதாவது போடுவேன். தம்பி, உன் ஆதாம் சேத் கதையை ஜெபக்கூட்டத்தில் சொல்லி எல்லாரும் சிரித்தோம், போதகர் வீட்டு ஐயரம்மா உட்பட.

டிரைவர் அண்ணே, மூடியைத் திறக்க மாட்டேன்தான். உளுந்து பொங்கினால் கல் சுற்றுகிற சத்தம் அடங்கி, தொப் தொப் என்று வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் கவனித்தேன். மதினியைத் திட்டி மனசுக்குள் வசனம் பேசினால் அப்போது ருசியாகத்தான் இருக்கிறது, அரைமணி நேரத்தில் தலை வலிக்கிறது. போன் பண்ணு என்ற நினைப்பு விரட்டவே இல்லை. ஒதுக்கித் தள்ளினால் போய்விடும், மறுநாள் மாவு வழிக்கும்போது வந்து நிற்கும்.

செவ்வாய்க்கிழமை பண்ணிவிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. சரி, இது என் மனசுதான் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் அவர்களே கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மதினி, "சாப்பிட்டியா?" என்றார்கள். உளுந்து விலை பேசினோம், அண்ணன் மூட்டுவலி பேசினோம். சங்கிலி பற்றி அவர்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தப்பு யார் பேரில் என்பதில் என் கருத்து மாறவும் இல்லை.

யார் பேசினார் என்று இப்போதும் தெரியவில்லை, வியாழக்கிழமை சாட்சியும் சொல்லவில்லை. மதினி 2 கிலோ மாவு கொடுத்துவிடச் சொன்னார்கள். அவர்கள் இருப்பது அம்பாசமுத்திரம். டிரைவர் அண்ணே, காலை பஸ்ஸில் டிரைவரிடம் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா? வெயிலில் பொங்கி வழிந்து பஸ்ஸெல்லாம் ஆகிவிடுமோ என்றுதான் யோசனை.