சித்தூர் தாலுகா பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொள்ளாச்சி நோட்டு ஒத்து வருமா?

வேலந்தாவளத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடுது, தீர்ப்பு சொல்லுங்க. மக கேரளா சிலபஸ்ல தமிழ் மீடியம், பத்தாவது. மார்ச்சுல பரீட்சை. பொங்கலுக்குப் பொள்ளாச்சி மச்சினன் வீட்டுக்குப் போனப்ப, அவரு பையனோட இங்கிலீஷ் ஒன்வேர்டு நோட்டை எடுத்துக் குடுத்துட்டாரு. நானூறுக்கு மேல வார்த்தை. இந்தப் பக்கம் வார்த்தை, அந்தப் பக்கம் அதே பொருள், எதிர்ப்பதம். அன்னையிலிருந்து காலையில பால் கறக்கற நேரத்துல ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் ஒரே பாராயணம். டூஷன் டீச்சர் நோட்டைப் பார்த்துட்டு, "இதைத் தூக்கிப் பரண்ல போடு"ன்னுட்டாங்க. என் வீட்டுக்காரி அண்ணன் கட்சி. நான் நடுவுல. எது சரிங்க?

ஆனைமலை வாத்தியார்:
31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நோட்டைப் பரணில் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019-20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண். அதில் முதல் 14 கேள்விகள் ஒரு மதிப்பெண் கேள்விகள். மூன்று ஒருபொருள், மூன்று எதிர்ச்சொல், பிறகு பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்க விரிவு, ஃப்ரேசல் வெர்ப் (லுக் ஆஃப்டர் போன்ற கூட்டுவினை), கூட்டுச்சொல், ப்ரிபொசிஷன், காலம், இணைப்புச்சொல். தேர்ச்சிக்கு வேண்டியது 35. கடைசி பெஞ்ச் பையன்கூட இந்த 14-ஐ வாங்கிக்கொண்டுதான் அடுத்த பக்கம் திருப்புவான். என் வகுப்பில் பாதிப் பேரைக் கரையேற்றியது இந்த நோட்டுதான்.

ட்யூஷன் அக்கா:
சார், நான் கொழிஞ்சாம்பாறையில டூஷன் எடுக்கறேன். (இவங்க சொல்ற டீச்சர் நான் இல்லைங்க, முன்னாடியே சொல்லிடறேன்.) நீங்க சொன்ன 14 கேள்வி எல்லைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எழுத்துத் தேர்வு 80, பள்ளிக்கூடத்துல போடற உள்மதிப்பீடு 20. ரெண்டரை மணி நேரம், அதுக்கு முன்னாடி 15 நிமிஷம் கூல் ஆஃப் டைம், கேள்வித்தாளைப் படிச்சுப் பார்க்க மட்டும். சும்மா ஒரு வார்த்தையைக் குடுத்து "இதுக்குச் சமமானது எது, நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடு"ன்னு இங்க வரிசையா நிக்காது. பத்தியைப் படிச்சுப் பதில், பிழை திருத்தம், பாதியில விட்ட உரையாடலை முடிக்கறது, அடைப்புக்குறியில குடுத்த ஃப்ரேசல் வெர்பைச் சரியான இடத்துல உட்கார வைக்கறது, டயரி, லெட்டர். நானூறு வார்த்தை தெரிஞ்ச பிள்ளை நாலு வரி டயரி எழுத முடியாம உட்கார்ந்திருக்கறதை நான் வருஷா வருஷம் பார்க்கறேன்.

பாலாற்றங்கரை:
சித்தூர்னு பார்த்து உள்ள வந்தேன். எங்க சித்தூர் மாவட்டத்துல தமிழ் பேசற பிள்ளைங்களுக்கும் இதே தலைவலிதான். ஆனா இங்க எப்போ கேரளா சிலபஸ் வந்துச்சு?

எல்லைக்கல்:
அண்ணே, அது ஆந்திரா சித்தூர். இது பாலக்காட்டு சித்தூர் தாலுகா. பழைய கொச்சி ராஜ்ஜியம், 1949ல திருவிதாங்கூரோட சேர்ந்து, 1956ல கேரளாவாச்சு. பேரு ஒண்ணு, எல்லை வேற.

பாலாற்றங்கரை:
ஓ. நாங்க 1953ல ஆந்திரா பக்கம் போனவங்க. 1960ல திருத்தணி பக்கம் மெட்ராஸுக்குத் திரும்பிப் போச்சு, குப்பம் பக்கம் நாங்க இங்கயே நின்னுட்டோம். சரி, தெரியாம வந்துட்டேன், உட்கார்ந்துக்கறேன். வார்த்தைப் பேச்சு எனக்கும் பிடிக்கும்.

ஆனைமலை வாத்தியார்:
உட்காருங்கள். ட்யூஷன் அம்மா, நாலு வரி டயரி எழுத என்ன வேண்டும்? வார்த்தை. பையில் காசில்லாமல் சந்தைக்குப் போய் "நான் பேரம் பேசக் கற்றிருக்கிறேன்" என்றால் கத்தரிக்காய் கிடைக்குமா?

ட்யூஷன் அக்கா:
காசு செல்லுபடியாகணுமே சார். போன மாசம் நடந்ததைச் சொல்றேன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க வீட்ல தமிழ், பஸ்ல மலையாளம், பள்ளிக்கூடத்துல ரெண்டும். ஒருத்தி இதே மாதிரி நோட்டுல "ஃப்ளட் – வெள்ளம்"னு மனப்பாடம் பண்ணிட்டா. மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி. லெட்டர்ல "ஐ டிரிங்க் ஃப்ளட் ஆஃப்டர் லன்ச்"னு எழுதி வெச்சிருக்கா. சிரிச்சுட்டேன், அப்புறம் பாவமாப் போச்சு. அவ தப்பே பண்ணலை, நோட்டு சொன்னதைத்தான் செஞ்சா.

இன்னொண்ணு, "அவசரம்". நோட்டுல "அர்ஜென்ட்" பக்கத்துல இருக்கு. மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. "குட் அர்ஜென்ட் ஃபார் மீ"ன்னு ஒரு பையன். வாய்ப்புக்கு ஆப்பர்ச்சுனிட்டின்னு அவனுக்குத் தெரியும். ஆனா நோட்டு அவனைக் குழப்பிடுச்சு.

பாலாற்றங்கரை:
அடடா, இது நம்ம ஏரியா. தெலுங்குல அவசரம்னா தேவை! ஒரே சொல், மூணு மாநிலத்துல மூணு பொருள். "செலவு" எடுத்துக்கங்க. தமிழ்ல பணம் போறது, தெலுங்குல லீவு. என் அண்ணன் பையன் "டுடே எக்ஸ்பென்ஸ் ஃபார் ஸ்கூல்"னு எழுதினான். ஃபீஸ் கேக்கறான்னு நினைச்சு அண்ணன் பர்ஸை எடுத்துட்டாரு.

ஆனைமலை வாத்தியார்:
இது நோட்டின் குற்றமல்ல, நோட்டைச் சொல்லிக்கொடுக்காமல் கையில் திணித்தவர் குற்றம். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் வெள்ளம்தான்.

ட்யூஷன் அக்கா:
அதத்தான் சார் நானும் சொல்றேன். உங்க ஊர் நோட்டு உங்க ஊருக்கு.

சரி, மொழிக் குழப்பத்தை விடுங்க. "ஷார்ட்"டுக்கு எதிர்ப்பதம் என்ன? நோட்டுல "டால்". பென்சில் ஷார்ட்டா இருந்தா? லாங். "ரஃப்"புக்கு? ரோடுன்னா ஸ்மூத், கடல்னா காம், நோட்டுன்னா ஃபேர். ஃபேர்னு சொன்னா ரேஷன் கடை, நிறம், திருவிழா, நியாயம், நாலும் வரும். தனி வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது, வரியிலதான் இருக்கு. அவ பட்டியல்ல எந்த வரியாவது இருக்கா, பாருங்க.

வேலந்தாவளத்தான்:
பார்த்தேனுங்க. வரி ஒண்ணும் இல்லை. இன்னொரு விசயம் கண்ணுல பட்டுது. ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலயும் பென்சில்ல தமிழ் எழுத்துல உச்சரிப்பு. ரெண்டு இடத்துல "பேக்"னு இருக்கு. ஒண்ணு பை, ஒண்ணு முதுகு. மகளைக் கேட்டேன், எது எதுன்னு அவளுக்கே தெரியலை.

ட்யூஷன் அக்கா:
இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். காதால கேக்க வேண்டியதைத் தமிழ் எழுத்துல பிடிச்சு அடைச்சா, பையும் முதுகும் ஒண்ணாத்தான் ஆகும். எழுதறப்ப ஸ்பெல்லிங்கும் போகும்.

ஆனைமலை வாத்தியார்:
பென்சில் எழுத்து விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அழிரப்பர் எடுத்து அழிக்கச் சொல்லுங்கள். மற்றதில் இல்லை.

பத்து முடிச்சவன்:
அக்கா, சார், நான் போன வருஷம் இதே தாலுகாவுல எழுதினேன். எங்கிட்டயும் நோட்டு இருந்துச்சு, மாமா குடுத்தது. பரீட்சையில அதுல இருந்து நேரடியா வந்தது எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. ஆனா பத்தி படிக்கறப்ப பயமில்லாம இருந்துச்சு, ஏன்னா தெரிஞ்ச வார்த்தை நிறைய. அதனால சார் சொல்றது முழுப் பொய்யும் இல்ல. மாட்டிக்கிட்டது ஃப்ரேசல் வெர்புல. லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் டவுன் ஆன், எல்லாத்துலயும் லுக். நோட்டுல மூணுக்கும் அர்த்தம் படிச்சிருந்தேன், ஹால்ல மூணும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. பி ப்ளஸ் கிரேடுதான் வந்துச்சு.

ஆனைமலை வாத்தியார்:
தம்பி, இதற்குப் பயப்படுவது தமிழ்ப் பிள்ளைக்கு அழகல்ல. நம் மொழியே ஃப்ரேசல் வெர்புக்குப் பிறந்த வீடு. "விட்டுக்கொடு" என்பதில் விடுதல் எங்கே, கொடுத்தல் எங்கே? இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்று. அதுதான் கிவ் இன். "கைவிடு" கிவ் அப். "பொறுத்துக்கொள்" புட் அப் வித். "பார்த்துக்கொள்" லுக் ஆஃப்டர். பார் என்பது லுக், கொள் சேர்ந்ததும் பார்வை போய்ப் பராமரிப்பு வந்துவிடுகிறது பாருங்கள்.

இன்னும் சொல்கிறேன். சின்ஸ், ஃபார் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. "2020-லிருந்து" என்று தமிழில் வந்தால் சின்ஸ். "ரெண்டு வருஷமா" என்று வந்தால் ஃபார். லிருந்து வந்தால் சின்ஸ், மா வந்தால் ஃபார், அவ்வளவுதான். "ஹீ கோஸ்" என்பதில் அந்தக் கடைசி ஸ்-ஐ மறக்கிறார்கள். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று வால் மாறுகிறதே, அவனுக்கு ஆன் ஒட்டுவதுபோல ஹீக்கு ஒரு ஸ். முன்னொட்டிலும் பாருங்கள். மரம், கள் சேர்ந்தால் மரங்கள், ம் ங் ஆகிவிடுகிறது. அதேபோல இன், பாசிபிள் சேர்ந்தால் இம்பாசிபிள். லீகலுக்கு இல், ரெகுலருக்கு இர். வாய்க்கு எது சுலபமோ அது.

ட்யூஷன் அக்கா:
சார், லிருந்து, மா ரெண்டையும் நான் திருடிக்கறேன். நிஜமா நல்லாருக்கு. நாளைக்கே போர்டுல போடறேன்.

ஆனா வால் விசயத்துல ஒரு சிக்கல். மலையாளத்துல வாலே கிடையாது. ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவன் போகுன்னு. என்கிட்ட வர்ற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல மலையாளத்துலதான் கூட்டாளிங்களோட பேசுதுங்க, அதனாலதான் "ஹீ கோ" வருது. தமிழ்ல யோசின்னு சொன்னா, எந்தத் தமிழ்ல சார்? அப்புறம் உங்க முன்னொட்டு ரூல். பிளசன்ட்டுக்கு இம்பிளசன்ட்டா? அன்பிளசன்ட். பாப்புலருக்கு அன்பாப்புலர். லக்கிக்கு அன்லக்கி. ரூலைச் சொல்லிக் குடுத்த அன்னைக்கே பாதிப் பிள்ளைங்க இல்லக்கின்னு எழுதுச்சு.

ஆனைமலை வாத்தியார்:
அன் என்பது வேறு குடும்பம், அது யாருக்காகவும் உருமாறாது. எது எந்தக் குடும்பம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, திரும்பவும் பட்டியல்தான்!

ட்யூஷன் அக்கா:
பார்த்துப் பார்த்துன்னு நீங்களே சொல்றீங்க. படிச்சுப் படிச்சு சார், பட்டியல்ல இல்ல.

எல்லைக்கல்:
ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிட்டு சண்டை போடறீங்களோன்னு தோணுது.

ட்யூஷன் அக்கா:
இல்லைங்க. சாருக்கு நோட்டு முதல்ல, வரி அப்புறம். எனக்கு வரி முதல்ல. மார்ச்சுக்கு நாள் எண்ணிட்டிருக்கற வீட்ல இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆனைமலை வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன், சின்ன வித்தியாசம் இல்லை. நானூறு வார்த்தை என்பது அதிகம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் காலையில் எழுந்து உட்காரும் பழக்கத்தை இந்த நோட்டுதான் கொடுத்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் பழக்கமும் போகும்.

பாலாற்றங்கரை:
எங்க வீட்ல செஞ்சதைச் சொல்றேன், வேணும்னா எடுத்துக்கங்க. பையனுக்குத் தெலுங்கு, தமிழ் ரெண்டும் ஓடும். ஒரு வார்த்தை கத்துக்கிட்டா வீட்ல நடந்த விசயத்தை வெச்சு அவனே ஒரு வரி எழுதணும். ரிஃப்யூஸ்னு வந்தா, "மை கிராண்ட்மதர் ரிஃப்யூஸ்டு டு ஈட் பிரெட்." பாட்டி நிஜமாவே பிரெட் தொடமாட்டா, அதனால மறக்கவே இல்லை. ஒரு நாளைக்கு அஞ்சு வரி. அதுக்கு மேல போனா பொய் எழுத ஆரம்பிச்சுடறான்.

பத்து முடிச்சவன்:
இது நல்லாருக்கு. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். வரி முடிவுல கேக்கற கொக்கி, அதான் கொஸ்டின் டேக், அதையும் பாட்டியை வெச்சே பழகச் சொல்லுங்க. நமக்கு எல்லாத்துக்கும் "இல்லையா", மலையாளத்துல "அல்லே", அதனால நான் எல்லாத்துக்கும் "இஸ்ன்ட் இட்" போட்டு மார்க்கை விட்டேன். பாட்டி சாப்பிடலைன்னா "டிட் ஷீ".

வேலந்தாவளத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. மூணு நாளா எழுதலை, வீட்ல முடிவாச்சு. நோட்டு பரணுக்கும் போகலை, பாராயணமும் இல்லை. நானூறுல அவளுக்கே பிடிச்ச நாப்பதை வட்டம் போட்டுட்டா. பென்சில் உச்சரிப்பையெல்லாம் அழிச்சாச்சு, என் அழிரப்பர் தீர்ந்து போச்சு. பின்பக்கம் காலியா இருந்த இடத்துல தினம் அஞ்சு வரி. மச்சினன் கேட்டா நோட்டு ஓடிட்டிருக்குன்னு சொல்லிக்கலாம், பொய்யில்லை. நேத்து எழுதின முதல் வரியை இங்க போடச் சொன்னா: "மை மதர் அண்ட் மை டூஷன் டீச்சர் ஆர் நாட் டாக்கிங் ஃப்ரம் பொங்கல்."

ஆனைமலை வாத்தியார்:
அருமை. பொங்கலிலிருந்து, ஆகவே சின்ஸ். "ஹேவ் நாட் டாக்டு டு ஈச் அதர் சின்ஸ் பொங்கல்."

ட்யூஷன் அக்கா:
சார்! அதை அவளே கண்டுபிடிக்க விட்டிருக்கணும். பிழை திருத்தத்துக்கு இதைவிட நல்ல வரி கிடைக்குமா? விடையை டக்குனு சொல்லிட்டீங்களே.

வேலந்தாவளத்தான்:
காட்டிட்டேனுங்க. வாத்தியார் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டா. அப்புறம் அந்த வரியையே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டா. ஏன்னு கேட்டா, அம்மா இன்னைக்குக் காலையில டீச்சர்கிட்டப் பேசிட்டாங்களாம், இப்ப அது பொய்யாம்.